புதிய உபுண்டுவும் பழைய பிளேயரின் பேரனும்

வீட்டு மேசைக் கணினியை, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாற்றிய சில வாரங்களில், விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள், "சித்தப்பா, பாட்டு முன்னைவிட நல்லாக் கேக்குதே, ஸ்பீக்கர் மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள். ஸ்பீக்கரை மாற்றவில்லை. கணினியும் அதே கணினிதான். பாட்டுகளும் குறுந்தகடுகளிலிருந்தும் ஒலிநாடாக்களிலிருந்தும் நானே எடுத்துச் சேர்த்த அதே கோப்புகள்தான். ஆனால் அவள் சொன்னதை மறுக்க முடியவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் வேலைக்குத் துணையாக எதையாவது ஓடவிட்டுவிட்டு மறந்துவிடுவேன். இப்போது வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். "புது உபுண்டு போட்டிருக்கேன்மா" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது, எனக்கு இல்லை. மாறியவை பல. அவற்றில் எது பாட்டை நன்றாக்கியது என்ற கேள்வி மனத்தில் அரித்துக்கொண்டே இருந்தது.

மேம்படுத்தலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நீண்ட கால ஆதரவுப் பதிப்பில் இருப்பவர்களுக்கு, அடுத்த பதிப்பின் முதல் திருத்தம் வந்த பிறகுதான் உபுண்டு மேம்படுத்தும் அழைப்பை விடுக்கும். 24.04.1 வெளியானது 2024 ஆகஸ்ட் இறுதியில். நான் அதற்குப் பிறகும் அவசரப்படாமல் காத்திருந்து, காப்புப் பிரதி எடுத்துக்கொண்டு, ஒரு மாலையில் தொடங்கி இரவுச் சாப்பாட்டுக்குள் முடித்தேன். இந்தப் பயணத்தில் ஒரு வழக்கம் உண்டு: நிரல்களை இறக்கித் தரும் களஞ்சியங்களில் வெளியாருடையவற்றை மேம்பாட்டு நிரல் முடக்கிவிடும். நான் அதுவரை பயன்படுத்திவந்த மியூசிக் பிளேயர் அப்படியொரு களஞ்சியத்திலிருந்து வந்ததுதான். அதை மீண்டும் தேடிப்பிடித்து நிறுவுவதற்குப் பதிலாக, உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்த ஸ்ட்ராபெரி என்ற பிளேயரை நிறுவிப் பார்த்தேன். அப்போது அதை ஒரு தற்காலிக ஏற்பாடாகத்தான் நினைத்தேன்.

ஒலி மாறியதா?

முதலில் சந்தேகப்பட வேண்டியது, நிரல்களின் ஒலியை வாங்கி ஒலி அட்டைக்கு அனுப்பும் ஒலிச் சேவையகத்தை. 22.04-இல் அந்த வேலையைச் செய்தது பல்ஸ்ஆடியோ, 24.04-இல் பைப்வயர். பல்ஸ்ஆடியோ 2008-இல் உபுண்டு 8.04-உடன் நம் கணினிகளுக்குள் வந்தபோது அதைத் திட்டாத லினக்ஸ் பயனர் குறைவு. பிறகு அது முதிர்ந்து, இருப்பதே தெரியாத அளவுக்கு ஒழுங்காக வேலை செய்தது. ரெட்ஹேட் பொறியாளர் விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயரோ ஏறக்குறைய அந்த வசவே இல்லாமல் அதன் இடத்தைப் பிடித்தது. ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸின் 34-ஆம் பதிப்பு அதை 2021-இல் இயல்பான ஒலிச் சேவையகமாக ஏற்றது, உபுண்டு 22.10-இல் ஏற்றது, 1.0 என்ற எண் 2023 நவம்பரில்தான் அதற்குக் கிடைத்தது. பழைய நிரல்களிடம் அது பல்ஸ்ஆடியோவாகவே நடந்துகொள்ளும், ஆகையால் அவற்றுக்குத் தங்களுக்குக் கீழே ஆள் மாறியதே தெரியாது.

இதனால் ஒலி உயர்ந்ததா என்று நேர்மையாகச் சோதித்துப் பார்க்க விரும்பினேன். பைப்வயரின் இயல்பான மாதிரி வீதம், அதாவது ஒரு விநாடி ஒலியை எத்தனை மாதிரிகளாகக் கையாள்கிறது என்ற எண், 48,000 ஹெர்ட்ஸ். குறுந்தகட்டிலிருந்து எடுத்த என் கோப்புகளோ 44,100 ஹெர்ட்ஸில் இருப்பவை. அதாவது, எதையும் தொடாமல் விட்டால், ஒவ்வொரு பாட்டும் ஒலி அட்டைக்குப் போகும் வழியில் மறுகணக்கிடப்படுகிறது. அனுமதிக்கப்பட்ட வீதங்களின் பட்டியலில் 44,100-ஐயும் சேர்த்து ஒரு சிறிய அமைவுக் கோப்பை எழுதினால், வேறு எதுவும் ஒலிக்காத நேரத்தில் பாட்டு தன் சொந்த வீதத்திலேயே போகும். எழுதினேன். பைப்வயருடன் வரும் கண்காணிப்புக் கருவியைத் திறந்து, எண் 44,100 என்று மாறுவதைக் கண்ணால் பார்த்தேன். காதால் கேட்டதில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. இணையத்தில் இந்த ஒரு வரி அமைவைப் பற்றிப் பக்கம் பக்கமாக உருகி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய செவியைக் குறைசொல்ல நான் யார். என் மேசை ஸ்பீக்கருக்கும் என் வயதுக்கும் அது எட்டாத நுட்பம் என்று விட்டுவிட்டேன். அந்த அமைவுக் கோப்பை மட்டும் அழிக்கவில்லை.

அடுத்த சந்தேகம் உரப்பு. சற்றே உரத்து ஒலிப்பதை நல்ல ஒலி என்று காது எடுத்துக்கொள்ளும் என்பது கடைக்காரர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த உண்மை. என் தொகுப்பில் 1950-களின் ஒற்றைத் தடப் பதிவுகள் ஒருபுறம் முனகும். 2000-க்குப் பிந்தைய பாட்டுகள் மறுபுறம் கூரையைத் தூக்கும். ரீப்ளேகெயின் என்ற முறை 2001-இல் முன்மொழியப்பட்டது இதற்காகத்தான்: பாட்டை மாற்றாமல், அதன் சராசரி உரப்பை அளந்து கோப்பில் ஒரு குறிப்பாக எழுதிவைத்தால், பிளேயர் அதைப் படித்து ஒலியைக் கூட்டியோ குறைத்தோ இயக்கும். இதில் பாட்டுவாரியாக, ஆல்பம்வாரியாக என இரண்டு வகை உண்டு. திரைப்பாட்டுக்கு முதல் வகை சரி. கச்சேரிக்கு இரண்டாவதுதான் வேண்டும். இல்லாவிட்டால் மெல்லத் தொடங்கும் ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே உரப்புக்கு வந்து, கச்சேரியின் ஏற்ற இறக்கமே போய்விடும். புதிய பிளேயரில் இதை இயக்கினேன். பயன் உண்மையிலேயே இருந்தது. அண்ணன் மகளின் காதில் பட்டது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதோடு சேர்ந்தது இடைவெளி. ராகம், தானம், பல்லவி ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களாக வெட்டிப் போடுவது குறுந்தகடு வெளியிட்டவர்களின் வழக்கம். பாடுகிறவர் அங்கே நிறுத்துவதில்லை. எம்பி3 முறை ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக அடுக்குகிறது. ஒரு சட்டம் என்பது ஏறக்குறைய 26 மில்லி விநாடி. தடத்தின் தொடக்கத்தில் குறியாக்கி சிறிது மௌனத்தைச் சேர்க்கும். கடைசிச் சட்டம் நிறையாவிட்டால் அங்கும் மௌனத்தை இட்டு நிரப்பும். எவ்வளவு சேர்த்தோம் என்று லேம் குறியாக்கி தலைப்பில் எழுதிவைக்கிறது. பிளேயர் அதைப் படித்து வெட்டிவிட்டால் தானம் பல்லவிக்குள் வழுக்கிக்கொண்டு போகும், படிக்காவிட்டால் விக்கல் எடுக்கும். என் பழைய ஏற்பாட்டில் விக்கல் இருந்தது, இப்போது இல்லை. தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைத்து மாற்றும் வசதியை இயக்கினாலும், ஒரே ஆல்பத்துக்குள் அப்படிச் செய்யாதே என்று தனியாகச் சொல்ல ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டியை வைத்தவர் முழு ஆல்பத்தையும் உட்கார்ந்து கேட்கிற ஆள் என்று புரிந்தது.

இவ்வளவும் சேர்ந்து ஒலி கொஞ்சம் சீரானதை விளக்கும். நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பதை விளக்காது.

யாருடைய பாட்டு?

தமிழ்த் திரைப்பாட்டு ஒன்று எத்தனை பேருக்குச் சொந்தம் என்று எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒரே பாட்டை வீட்டில் ஒருவர் எம்.எஸ்.வி. பாட்டு என்பார், இன்னொருவர் டி.எம்.எஸ். பாட்டு என்பார், மூன்றாமவர் கண்ணதாசன் பாட்டு என்பார், தெருவில் போகிறவர் சிவாஜி பாட்டு என்பார். நால்வரும் சரிதான். மியூசிக் பிளேயர்களுக்கு இந்தப் பேச்சு புரியாது. உபுண்டுவோடு நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கும் ரிதம்பாக்ஸ் உட்படப் பெரும்பாலானவை இசையை வகை, ஆர்டிஸ்ட், ஆல்பம் என்ற மூன்று தலைப்புகளில் அடுக்குகின்றன. ஒரு குழு, அதன் பெயரில் ஓர் ஆல்பம், அதில் பத்துப் பாட்டு என்ற மேற்கத்திய நடைமுறைக்கு அது பொருந்தும். நம்மிடம் ஆர்டிஸ்ட் யார்? பாடியவர் என்றால் ஒரே படத்தின் பாட்டுகள் ஐந்து பெயர்களின் கீழ்ச் சிதறும். இசையமைப்பாளர் என்றால் பாடியவர் காணாமல் போவார்.

இந்தப் பொருத்தமின்மை கோப்புகளுக்குள்ளேயே தொடங்கிவிட்டது. பாட்டின் விவரங்களைக் கோப்புக்குள்ளேயே டேக் என்ற குறிப்பாக எழுதிவைப்பது ஐடி3 முறை. 1996-இல் வந்த அதன் முதல் பதிப்பு, எம்பி3 கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் தலைப்புக்கு 30, ஆர்டிஸ்டுக்கு 30, ஆல்பத்துக்கு 30 என்று இடம் ஒதுக்கியது. இசை வகைக்கு ஒரே ஒரு பைட். அதற்கான முதல் பட்டியலில் இருந்த வகைகள் 80. அதில் போல்கா உண்டு. கர்நாடக இசை இல்லை. இன்று வழக்கத்தில் உள்ள யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும் என்பதால், 30 பைட்டுக்குள் பத்துக் குறிகள்தான் அடங்கும். விசுவநாதன் என்ற பெயர் மெய்ப்புள்ளியையும் கொம்புகளையும் எண்ணினால் சரியாகப் பத்துக் குறி. ராமமூர்த்திக்கு இடமே இல்லை. பின்னால் வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பு இந்த நெருக்கடியைத் தீர்த்து, இசையமைத்தவர் (கம்போசர்), எழுதியவர், தொகுதி (குரூப்பிங்) என்றெல்லாம் தனித்தனிப் புலங்களைத் தந்தது. புலம் இருந்தும் பெரும்பாலான பிளேயர்கள் அதைக் கொண்டு எதையும் அடுக்க விடுவதில்லை. ஆகவே நான் அவற்றை ஒருபோதும் ஒழுங்காக நிரப்பியதில்லை. நிரப்பியிருந்தவற்றிலும் இளையராஜா ஆங்கில எழுத்தில் ஒரு எல்லோடும் இரண்டு எல்லோடும், ஒரு ஏவோடும் இரண்டு ஏவோடும் பல ஆட்களாகப் பிரிந்துகிடந்தார்.

ஸ்ட்ராபெரியில் தொகுப்புப் பட்டியலின் மேலே இருக்கும் சிறிய பொத்தானை அழுத்தினால், எதன்படி அடுக்கட்டும் என்று கேட்கும். ஆயத்தத் தேர்வுகளுக்குக் கீழே, நாமே மூன்று நிலைகளைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. முதல் நிலை எது, அதற்குள் எது, அதற்குள் எது என்று சொல்லலாம். ஆர்டிஸ்ட், கம்போசர், ஆண்டு, குரூப்பிங் எனப் பெரும்பாலான புலங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. முதலில் இசையமைப்பாளர், அதற்குள் ஆண்டு, அதற்குள் படம் என்று வைத்தேன். பெயர்களை ஒருங்காக்க கிட்3 என்ற டேக் திருத்தியோடு சில மாலைகள் செலவாயின. அதன்பின் பட்டியல் பேசத் தொடங்கியது. விசுவநாதன்–ராமமூர்த்தி என்ற தலைப்பின் கீழ் ஆண்டுகள் 1965-ஓடு நிற்கின்றன. அங்கிருந்து விசுவநாதன் தனித் தலைப்பாகவும் ராமமூர்த்தி தனித் தலைப்பாகவும் போகிறார்கள். முன்னவருடைய வரிசை நீள்கிறது, பின்னவருடையது என் தொகுப்பில் சில ஆண்டுகளிலேயே மெலிகிறது. இளையராஜாவின் கீழ் 1976 சிறியது. 1980-க்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டையும் விரித்தால் திரை நிரம்புகிறது. அறிந்த வரலாறுதான். ஆனால் இத்தனை ஆண்டுகள் என்னிடமிருந்த கோப்புகள் அந்த வரலாற்றை என்னிடம் சொன்னதில்லை.

நான் உண்மையாகவே நிமிர்ந்து உட்கார்ந்தது கர்நாடக இசைக் கோப்புகளை அடுக்கியபோது. குரூப்பிங் என்ற புலத்தில் ராகத்தின் பெயரையும், கம்போசரில் பாடலை இயற்றி இசையமைத்த வாக்கேயக்காரரையும், ஆர்டிஸ்டில் பாடியவரையும் எழுதினேன். பிறகு ராகம், வாக்கேயக்காரர், பாடியவர் என்ற வரிசையில் அடுக்கச் சொன்னேன். தோடியைத் திறந்தால் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் இருந்தார்கள். கல்யாணியிலும் அப்படியே. கரகரப்பிரியாவைத் திறந்தேன். தியாகராஜர் நீண்ட வரிசையாக இருந்தார், பாபநாசம் சிவன் இருந்தார், தீட்சிதர் இல்லை. முதலில் ஏதோ கோப்புகள் விடுபட்டுவிட்டன என்று தோன்றியது. மறுகணம் காரணம் நினைவுக்கு வந்தது. தீட்சிதர் கரகரப்பிரியாவில் பாடல் செய்யவில்லை. அவர் பின்பற்றிய வேங்கடமகி மரபில், கரகரப்பிரியாவின் இடமான 22-ஆம் மேளத்துக்கு (தாய் ராகத்துக்கு) ஸ்ரீராகம்தான் தலைமை. ஸ்ரீராகத்தைத் திறந்தால் அவர் அங்கே சம்பிரமமாக அமர்ந்திருந்தார். இந்தச் செய்தியை எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கிறேன், கச்சேரிக்கு முன்னுரை சொல்பவர்களிடம் கேட்டிருக்கிறேன். என் சொந்த வன்தட்டு, ஒரு காலி இடத்தைக் காட்டி, அதை எனக்குச் சொல்லும் என்று நினைத்ததில்லை. அன்று இரவு இரண்டு ராகங்களையும் மாறி மாறிக் கேட்டேன். ஒரே சுரங்களை எடுத்துக்கொண்டு, ஒன்று விரிந்து நடப்பதையும் மற்றொன்று தனக்கே உரிய சில பிடிகளுக்குள் சுற்றிச்சுற்றி வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும் எண்ணமே அதற்குமுன் எனக்கு வந்ததில்லை. இரண்டும் வேறு வேறு பாடகர்களின் பெயர்களுக்கு அடியில் புதைந்துகிடந்தன.

எனக்குப் பாட்டு நன்றாகக் கேட்பதற்குக் காரணம் இது என்று இப்போது துணிந்து சொல்வேன். அடுத்து எதைக் கேட்பது என்ற கேள்விக்கு முன்பெல்லாம் எனக்குக் கிடைத்த பதில், அகர வரிசையில் மேலே இருக்கும் சில பெயர்கள். கைப்பேசிச் செயலிகளிடம் விட்டால், நேற்றுக் கேட்டதைப் போன்ற இன்னொன்று. இப்போது ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் எது நிற்க வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கிறேன். பக்கத்தில் நிற்பது மாறினால் பாட்டே வேறாகக் கேட்கிறது.

மேம்படுத்த மறுத்தவர்கள்

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. இந்த மூன்று நிலை அடுக்கு புதிதே அல்ல. 2006-இல் வெளிவந்த அமரோக் என்ற பிளேயரின் 1.4 பதிப்பில் இது இருந்தது. கேடிஇ என்ற மேசைத்தளச் சூழலின் 3-ஆம் பதிப்புக் காலத்தில் லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு அமரோக்கை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விண்டோஸ் நண்பர்கள் பொறாமைப்படும் ஒரே லினக்ஸ் நிரல் அது என்று அந்நாளில் நாங்கள் பெருமை அடித்துக்கொண்டதுண்டு. கேடிஇ 4 வந்தது. அதற்கேற்ப முற்றிலும் திருப்பி எழுதப்பட்ட அமரோக் 2.0, 2008 டிசம்பரில் வெளியானது. திரையின் நடுவில் பாட்டைப் பற்றிய தகவல் பலகை வந்து அமர்ந்தது. பாட்டு வரிசை ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. வரிசைக்குள் வடிகட்டித் தேடுவதும், அடுத்து இதை ஒலி என்று குறித்துவைப்பதும் அந்தப் பதிப்பில் இல்லை. பின்னால் வரும் என்றார்கள், பின்னால் வரவும் செய்தன. அதற்குள் பலர் கிளம்பிவிட்டார்கள்.

அவர்களில் சிலர் செய்த காரியம்தான் முக்கியமானது. 1.4-இன் அமைப்பை எடுத்து, நிரல்களின் திரைத்தோற்றத்துக்கு அடித்தளமான க்யூட்டி நூலகத்தின் புதிய 4-ஆம் பதிப்பில் ஓடும்படி செய்து, 2010-இல் கிளமெண்டைன் என்ற பெயரில் வெளியிட்டார்கள். கிளமெண்டைன் காலப்போக்கில் இணையச் சேவைகள் பலவற்றைத் தலையில் ஏற்றிக்கொண்டது. 2016-க்குப் பிறகு அதன் வெளியீடுகள் நெடுங்காலம் தேங்கின. அதிலிருந்து 2018-இல் கிளைத்தது ஸ்ட்ராபெரி. சேர்த்தவற்றில் பலவற்றைக் கழித்து, தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கான பிளேயர் என்ற பழைய இடத்துக்கே அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அமரோக்கும் சாகவில்லை, 2024 ஏப்ரலில் அதன் 3.0 வெளிவந்தது என்பது வேறு கதை.

ஆக, என் மேம்படுத்தலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆதாயம், ஒரு மேம்படுத்தலை ஏற்க மறுத்தவர்கள் காப்பாற்றிக் கொடுத்தது. புதியது வேண்டாம் என்று அவர்கள் பழைய கணினியோடு ஒதுங்கியிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது. அடித்தளத்தில் க்யூட்டி 3 போய் 4 வந்தது, 5 வந்தது, 6 வந்தது. ஒலிச் சேவையகங்கள் மாறின. ஒவ்வொரு முறையும் யாரோ உட்கார்ந்து, அந்தப் பொத்தானும் அந்த மூன்று நிலைகளும் புதிய அடித்தளத்தின்மேல் நிற்கும்படி மறுபடி எழுதியிருக்கிறார்கள். பழையதை அப்படியே வைத்திருக்க, புதிதாகச் செய்வதற்கு நிகரான உழைப்பு வேண்டியிருக்கிறது. இதை யோசித்த பிறகு நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டேன், எதற்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்தேன் என்பவற்றை பிளேயர் தன் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. அவற்றைக் கோப்பின் டேக்கிலும் எழுது என்று அமைவில் சொல்ல முடியும். சொல்லியிருக்கிறேன். பிளேயர் நாளை மாறலாம், ராகப் பெயர்களும் நட்சத்திரங்களும் கோப்போடு போகும்.

குறை ஒன்று உண்டு. நான் பயன்படுத்தும் பதிப்பில் பாடலாசிரியருக்கென்று தனிப் பத்தி இல்லை. ஐடி3-இல் அதற்குப் புலம் இருக்கிறது, பட்டியலில் இல்லை. நடிகருக்கோ எங்கேயும் இடமில்லை. சிவாஜி பாட்டு கேட்கிறவர்கள் கருத்துப் புலத்தில்தான் அவரைத் தேட வேண்டும். பாடலாசிரியர் இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்பதால், திரைப்பாட்டுகளில் குரூப்பிங் புலத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். ராகத்துக்கும் அதே புலம்தான். ஆகவே இரண்டு தொகுப்புகளையும் சேர்த்து அடுக்கினால், அகர வரிசை தன் போக்கில் கரகரப்பிரியாவுக்கு மேலே கண்ணதாசனையும் வராளிக்குக் கீழே வாலியையும் உட்கார வைக்கிறது. முதல் நாள் பார்த்தபோது பிரித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படியே விட்டிருக்கிறேன். வராளி கேட்கப் போய் வாலியில் இறங்கிவிடும் மாலைகளும் உண்டு.